ஹாஸ்டலில் ஒருத்தி தும்மினால்...

பிளஸ் டூ முடித்து, கல்லூரியில் இடம் கிடைத்து, ஹாஸ்டல் பணமும் கட்டியாகிவிட்டது என்றால் நம் வீடுகளில் ஒரு பெரிய ஜாபிதா தயாராகிவிடும். பக்கெட், மக், பூட்டு, தலையணை உறை, கொடிக் கயிறு, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய்... கல்யாணச் சீர் மாதிரி ஒன்று விடாமல் எழுதி, ஒவ்வொன்றாக டிக் அடித்துப் பெட்டியில் வைப்போம். "போர்வை வெச்சியா? குடை வெச்சியா?" என்று பாட்டியும் தன் பங்குக்குக் கேட்பாள். எல்லாம் சரிதான். ஆனால் ஐப்பசி அடைமழையில், ஒரே அறையில் இருக்கும் நாலு பெண்களில் ஒருத்தி 'ஹச்' என்று தும்மினால் மற்ற மூன்று பேரும் என்ன செய்ய வேண்டும் என்று எத்தனை பேர் சொல்லி அனுப்புகிறோம்?

என் பெண் ஹாஸ்டலுக்குப் போய் இது மூன்றாவது வருஷம். நான் பிளஸ் டூவோடு நின்றவள், டாக்டர் இல்லை. ஆனால் இரண்டு மழைக்காலங்களைத் தூர இருந்து பார்த்துவிட்டேன். எங்கள் குடும்ப டாக்டரம்மாவைக் கேட்டும், கையில் கிடைத்ததைப் படித்தும், மற்ற தாய்மார்களோடு பேசியும் தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்ளலாம் என்றுதான் எழுதுகிறேன். இன்றைக்குத் தொட்டில் ஆட்டிக்கொண்டிருக்கும் இளம் தாய்மார்களும் படியுங்கள். உங்கள் குழந்தை ஹாஸ்டலுக்குப் போகப் பதினேழு வருஷம் இருக்கலாம். ஆனால் ஹாஸ்டலில் இருக்கும் அத்தையோ சித்தியோ மாமாவோ இந்தத் தீபாவளிக்கே உங்கள் குழந்தையைத் தூக்கிக் கொஞ்ச வருவார்களே!

மழையா, காற்றா, கிருமியா?

"மழையில நனைஞ்சே இல்ல, அதான் சளி பிடிச்சிருக்கு" என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். டாக்டரம்மாவிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். "மழைத் தண்ணியில சளி இல்லம்மா. மழை வந்தா எல்லாரும் கதவு ஜன்னலைச் சாத்திக்கிட்டு ஒண்ணா உட்கார்றாங்க இல்லையா, அங்கேதான் சளி இருக்கு" என்றார்.

ஜலதோஷமும் ஃப்ளூ ஜுரமும் வைரஸ் கிருமிகளால் வருபவை. ஒருவர் தும்மும்போதும் இருமும்போதும் மட்டுமல்ல, பேசும்போதும்கூடக் கண்ணுக்குத் தெரியாத துளிகள் வெளியே வருகின்றன. பெரிய துளிகள் பக்கத்தில் இருப்பவர் மேல் விழும். மிகச் சிறியவை மூடிய அறைக்குள் மிதந்துகொண்டே இருக்கும். ஃப்ளூ வந்தவர் தனக்கு ஜுரம் என்று தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே அதைப் பிறருக்குக் கொடுக்க ஆரம்பித்துவிடுகிறார். பிறகும் ஐந்து முதல் ஏழு நாள் வரை கொடுத்துக்கொண்டே இருப்பார். அறைக்கு நாலு பேர், மெஸ்ஸில் நீளப் பெஞ்சு, வகுப்பில் அறுபது பேர், மாலையில் ஒரே பஸ் என்று இருக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு இது ஏன் இவ்வளவு சீக்கிரம் பரவுகிறது என்று இப்போது புரிகிறதல்லவா?

நம் தேசம் முழுவதும் ஃப்ளூவுக்கு ஒரே பருவம் கிடையாது. ஸ்ரீநகரில் ஜனவரி முதல் மார்ச் வரையான குளிரில் அதிகம். டில்லி, புனே பக்கம் ஜூலை முதல் செப்டம்பர் வரை, அவர்களுடைய மழைக்காலத்தில் அதிகம். நம் சென்னை, வேலூர் பக்கம் வடகிழக்குப் பருவமழை மாதங்களில்தான் உச்சம். அதாவது முதல் செமஸ்டர் பாதி தாண்டி, தீபாவளி லீவும் பரீட்சையும் நெருங்கும் சமயம். டில்லியில் படிக்கப் போகும் பிள்ளைக்கும் சென்னையில் படிக்கும் பிள்ளைக்கும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய மாதம் வேறு வேறு என்பதை நினைவில் வையுங்கள்.

2009-ல் 'பன்றிக் காய்ச்சல்' என்று உலகமே நடுங்கியதே, அந்த எச்1என்1 வைரஸ் எங்கும் போய்விடவில்லை. இப்போது வருஷா வருஷம் வரும் சாதாரண ஃப்ளூ கிருமிகளில் ஒன்றாக நம்மோடுதான் இருக்கிறது. கொரோனாவும் அப்படியே. 2020 மார்ச்சில் ஹாஸ்டல்களைக் காலி செய்து பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்படி ஒரு நிலை வராமல் இருக்கும்போதே நல்ல பழக்கங்களைப் பிடித்துக்கொள்வது உத்தமம்.

அறைத் தோழிக்கு வந்த ஆபத்து

என் பெண் முதல் வருஷம் படிக்கும்போது நடந்தது இது. அறையில் நாலு பேர். ஒருத்தி தென்காசிப் பக்கத்துப் பெண். மெலிந்த தேகம், நன்றாகப் படிப்பாள். கார்த்திகை மாதம், விடாத மழை. அறையில் முதலில் ஒருத்திக்குச் சளி, இரண்டு நாளில் என் பெண்ணுக்கு ஜுரம், பிறகு இந்தப் பெண்ணுக்கு. மற்றவர்கள் இரண்டு நாள் படுத்தார்கள். இவள் மட்டும் படுக்கவில்லை. இன்டர்னல் பரீட்சை நடந்துகொண்டிருந்தது; வருகைப் பதிவும் குறைவாக இருந்ததாம். பல கல்லூரிகளில் 75 சதவீதம் வருகை இல்லாவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். மாத்திரை போட்டு ஜுரத்தை அமுக்கிக்கொண்டு நாலு நாள் வகுப்புக்குப் போனாள்.

ஐந்தாம் நாள் ராத்திரி ஒரு மணிக்கு என் பெண்ணிடமிருந்து போன். "அம்மா, அவளால மூச்சு விட முடியலைம்மா. பேசக்கூட முடியலை. உதடெல்லாம் நீலமா இருக்கு." நான் சொன்னது ஒன்றுதான்: "வார்டனை எழுப்பு. 108-க்கு போன் பண்ணு. அவளைப் படுக்க வைக்காதே, உட்கார வை." எங்கள் ஊர் ஒன்றரை மணி நேரத் தொலைவு. நானும் என் வீட்டுக்காரரும் விடிவதற்குள் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தோம். அந்தப் பெண்ணின் அம்மா பஸ் பிடித்து வந்து சேர மத்தியானம் ஆயிற்று. அதுவரை ஆக்ஸிஜன் முகமூடியோடு படுத்திருந்த அந்தக் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நான்தான் உட்கார்ந்திருந்தேன்.

அவளுக்குச் சிறு வயதிலிருந்தே ஆஸ்துமா. தினமும் இழுக்க வேண்டிய இன்ஹேலர் பெட்டியின் அடியில், துணிகளுக்குக் கீழே பிரிக்காமல் கிடந்தது. அவள் அம்மா ஆஸ்பத்திரி வராந்தாவில் என் தோளில் சாய்ந்து அழுதாள். "நான்தான் அக்கா யாருக்கும் தெரியவேண்டாம்னு சொல்லி அனுப்பினேன். நாளைக்கு வரன் பார்க்கும்போது வீசிங் உள்ள பொண்ணுன்னு நாலு பேர் பேசுவாங்களேன்னு..."

என்ன பதில் சொல்வது? "முதல்ல அவ நல்லா மூச்சு விடட்டும். வரனெல்லாம் தானா வரும்" என்றேன். பரிசோதனையில் ஃப்ளூ என்று வந்தது. ஆறு நாள் கழித்துத்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். பெண் பிழைத்தாள். இப்போது இன்ஹேலர் அவள் மேஜை மேலேயே இருக்கிறது. அறையில் மற்ற மூன்று பேருக்கும் அதை எப்படி எடுத்துக் கொடுப்பது என்று தெரியும்.

சகோதரிகளே, ஃப்ளூ என்பது பெரும்பாலோருக்கு ஒரு வாரத் தொல்லை. ஆனால் ஆஸ்துமா, சர்க்கரை, இருதயக் கோளாறு உள்ள பிள்ளைக்கு அது நிமோனியா வரை போகலாம். உங்கள் பிள்ளைக்கு அப்படி ஏதாவது இருந்தால் வார்டனுக்கும் அறைத் தோழிக்கும் கட்டாயம் சொல்லுங்கள். ஒளிப்பது மானத்தைக் காப்பாற்றலாம், உயிரைக் காப்பாற்றாது.

ஜன்னலைத் திற!

சீனாவில் தியான்ஜின் நகரத்துப் பல்கலைக்கழக ஹாஸ்டல்களில் செய்த ஆராய்ச்சி ஒன்று 2011-ல் வெளிவந்தது. நெரிசலான, காற்றோட்டம் குறைந்த அறைகளில் இருந்த மாணவர்களுக்கு அடிக்கடி ஜலதோஷம் பிடித்தது என்று கண்டார்கள். இதைப் படித்தபோது, தினம் காலையில் எல்லாக் கதவையும் திறந்து வைக்கும் என் மாமியாரைத்தான் நினைத்துக்கொண்டேன்!

ஹாஸ்டல் அறையில் என்ன செய்யலாம்?

மழை கொட்டும்போதுகூட, சாரல் அடிக்காத பக்கத்து ஜன்னலைக் கொஞ்சமாவது திறந்து வைக்கலாம். எதிர்ப்புறம் கதவோ வென்டிலேட்டரோ திறந்திருந்தால் காற்று உள்ளே வந்து வெளியே போகும். கொசுவுக்குப் பயந்து மூடுகிறார்கள் என்பது வாஸ்தவம்தான். ஜன்னல் அளவுக்குக் கொசுவலை வாங்கி, ஒட்டும் பட்டையோடு கொடுத்து அனுப்பினால் அந்தப் பிரச்னை தீர்ந்தது. செலவு அதிகமில்லை.

ஈரத் துணிகளை அறைக்குள்ளே கொடி கட்டிக் காயப்போடுவதைக் கூடியவரை தவிர்க்க வேண்டும். ஈரம் சுவரில் பூஞ்சைக் காளானை வளர்க்கும். வீசிங் உள்ளவர்களுக்கு அது ஆகவே ஆகாது. வராந்தாவில் காயப்போட இடம் கேளுங்கள். மழை நாட்களில் உடுத்தச் சீக்கிரம் காயும் மெல்லிய துணிகளாகக் கொடுத்து அனுப்புங்கள்.

இரண்டு கட்டில் அக்கம்பக்கமாக இருந்தால், ஒருத்தி தலை வைத்த பக்கம் மற்றவள் கால் நீட்டிப் படுக்கலாம். தூங்கும்போது முகத்துக்கு முகம் நேராக இருக்காது. காசில்லாத யோசனை!

எச்சில் பார்ப்பது பழைய பழக்கமா?

"அம்மா, நீ ரொம்பப் பழைய காலம். ஃப்ரெண்ட்ஸுக்குள்ள எச்சில் என்ன?" என்று என் பெண் கேட்பாள். ஒரே தண்ணீர் பாட்டில் எட்டு வாய்க்குப் போகும். ஒரே ஸ்பூனில் ஐஸ்கிரீம். ஒரே லிப்ஸ்டிக். ஒரே துண்டு.

நம் பாட்டிமார் டம்ளரை அண்ணாந்து தூக்கிக் குடிக்கச் சொன்னது வெறும் ஆசாரம் என்று நினைத்தோம். சளிக் காலத்தில் அதைவிடச் சுலபமான சுகாதாரம் ஏது? பாட்டிலைப் பகிர்ந்துகொள்ளட்டும், வாய் வைக்காமல் குடிக்கட்டும். பாட்டிலின் மேல் பெயர் எழுதி ஒட்டிக் கொடுங்கள். துண்டு, டம்ளர், ஸ்பூன் ஆளுக்கு ஒன்று.

கை கழுவுவதும் அப்படித்தான். சோப்புப் போட்டு 20 விநாடி தேய்க்க வேண்டும்; விரல் இடுக்கு, நகக்கண், கட்டை விரல் எதையும் விடக் கூடாது. மெஸ்ஸுக்குப் போகும் முன், வகுப்பிலிருந்து வந்ததும், மூக்கைச் சிந்தியதும் கழுவ வேண்டும். நம் பிள்ளைகள் கையால் பிசைந்து சாப்பிடுகிறவர்கள் என்பதால் இது இரட்டிப்பு அவசியம். சோப்பு கிடைக்காத இடத்துக்கு, 60 சதவீதத்துக்குக் குறையாமல் ஆல்கஹால் உள்ள சானிடைசர் சின்ன பாட்டில் ஒன்று பையில் இருக்கட்டும்.

தும்மல் வந்தால் உள்ளங்கையில் தும்மக் கூடாது. அந்தக் கைதான் அடுத்த நிமிஷம் கதவுப் பிடியைத் தொடுகிறது. கைக்குட்டையிலோ, எதுவுமில்லாவிட்டால் முழங்கை மடிப்பிலோ தும்ம வேண்டும். கைக்குட்டையைத் தினமும் துவைக்க வேண்டும்.

மாஸ்க் விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழக ஹாஸ்டல்களில் 2006-07 ஃப்ளூ பருவத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை வைத்துச் சோதனை செய்தார்கள். மாஸ்க்கும் போட்டு, கையையும் சுத்தம் செய்துகொண்ட பிரிவில், நாலாவது முதல் ஆறாவது வாரத்துக்குள் ஃப்ளூ மாதிரியான ஜுரம் 35 முதல் 51 சதவீதம் வரை குறைந்தது. மாஸ்க் மட்டும் போட்ட பிரிவில் அவ்வளவு தெளிவான பலன் தெரியவில்லை. ஒன்றை மட்டும் செய்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது, எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் செய்ய வேண்டும் என்பதுதான் இதில் நமக்குப் பாடம். குறைந்தபட்சம் அறையில் யாருக்குச் சளியோ அவள் மாஸ்க் போடட்டும். வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஃப்ளூ ஊசி போடலாமா?

கட்டாயம் டாக்டரைக் கேட்கலாம். ஃப்ளூ கிருமி வருஷத்துக்கு வருஷம் வேஷம் மாற்றிக்கொள்ளும். அதனால் உலக சுகாதார நிறுவனம் வருஷத்துக்கு இரண்டு முறை கூடி, அடுத்த பருவ ஊசியில் எந்தக் கிருமிகளைச் சேர்க்க வேண்டும் என்று சொல்கிறது. போன வருஷம் போட்டதால் இந்த வருஷம் வேண்டாம் என்று இருக்க முடியாது; ஒவ்வொரு வருஷமும் போட வேண்டும். போட்டு இரண்டு வாரம் கழித்துத்தான் முழுப் பலன் வரும். ஆகவே நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஐப்பசி மழைக்கு முன்பாகவே முடித்துவிடுவது நல்லது.

எல்லோருக்கும் இலவசமாகப் போடும் திட்டத்தில் இந்த ஊசி இல்லை. காசு கொடுத்துத்தான் போட வேண்டும். எல்லாச் சளியையும் இது தடுக்காது. ஃப்ளூ மட்டும், அதுவும் நூற்றுக்கு நூறு அல்ல. ஆனால் வந்தாலும் கடுமையாகாமல் இருக்க உதவுகிறது. ஆஸ்துமா, சர்க்கரை உள்ள பிள்ளைகளுக்கும், வீட்டில் வயதானவர்களுக்கும் முதலிடம் கொடுங்கள். கர்ப்பிணிகளும் டாக்டரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். ஆறு மாதத்துக்குக் கீழே உள்ள குழந்தைக்கு ஃப்ளூ ஊசி கிடையாது. தாய் போட்டுக்கொண்டதுதான் அதற்கும் கவசம்.

மருந்துப் பையில் என்ன வைக்கலாம்?

ஒரு ஜிப் வைத்த சிறு பை போதும். நான் வைப்பது:

டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று. "உடம்பு சுடுது" என்பதைவிட "102 இருக்கு" என்பது டாக்டருக்கு உதவும்.

பாரசிட்டமால் மாத்திரை ஒரு அட்டை. எத்தனை, எத்தனை மணிக்கு ஒருமுறை என்று டாக்டரிடம் கேட்டு அட்டையிலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன். ஜலதோஷத்துக்கென்று விற்கும் கூட்டு மாத்திரைகள் பலவற்றிலும் பாரசிட்டமால் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் போட்டால் அளவு மீறி ஈரலைக் கெடுக்கும்.

உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் நாலு, ஐந்தாறு மாஸ்க், கொப்பளிக்கக் கல்லுப்பு கொஞ்சம், சுக்கு மிளகுப் பொடி ஒரு டப்பா.

ஒரு அட்டையில் ரத்த வகை, ஒவ்வாத மருந்து, ஏற்கெனவே உள்ள நோய், வீட்டு போன் நம்பர்.

இருக்கக் கூடாதது ஒன்று உண்டு: போன தடவை மீந்த ஆன்ட்டிபயாட்டிக் மாத்திரை. ஹாஸ்டலில் "எனக்கு இதுல சரியாச்சு, நீயும் போட்டுக்கோ" என்று அட்டை கைமாறுகிறது. சளியும் ஃப்ளூவும் வைரஸ். ஆன்ட்டிபயாட்டிக் அதை ஒன்றும் செய்யாது. கண்டபடி போட்டால் நிஜமாக வேண்டிய சமயத்தில் அந்த மருந்து வேலை செய்யாமல் போய்விடும்.

சுக்குக் கஷாயம், மிளகு ரசம், உப்பு வென்னீர்க் கொப்பளிப்பு எல்லாம் தொண்டைக்கு இதம், தாராளமாகச் செய்யலாம். ஆனால் அவை கிருமியைக் கொல்லும் என்று நம்பி டாக்டரைத் தள்ளிப்போட வேண்டாம். ஆவி பிடிப்பதைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கட்டிலில் கொதிநீர்ப் பாத்திரத்தை வைத்துப் போர்வை மூடி ஆவி பிடிப்பது ஹாஸ்டலில் வேண்டவே வேண்டாம். பாத்திரம் கவிழ்ந்தால் தொடை வெந்துபோகும்.

ஜுரம் வந்துவிட்டால்

நம் பக்கத்து மழைக்கால ஜுரத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. அதே மாதங்களில்தான் டெங்குவும் வருகிறது. முதல் இரண்டு நாளில் எது ஃப்ளூ, எது டெங்கு என்று நம்மால் சொல்ல முடியாது. அதனால் ஜுரத்துக்குப் பாரசிட்டமால் தவிர, ஆஸ்பிரின், இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளைத் தானாக வாங்கிப் போடக் கூடாது. டெங்குவாக இருந்தால் ரத்தக் கசிவை அதிகமாக்கிவிடும். ஃப்ளூ ஜுரத்திலும் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு ஆஸ்பிரின் ஆகாது. முதல் வருஷப் பிள்ளைகள் பலர் அந்த வயதுதான்.

கீழே சொல்வதில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம் என்று பிள்ளைக்குச் சொல்லி வையுங்கள்:

மூச்சு வாங்குதல், ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடியாமை, நெஞ்சு வலி, உதடு, நகம் நீலம் பூத்தல், குழப்பமான பேச்சு, எழுப்ப முடியாத தூக்கம், விடாத வாந்தி, வயிற்று வலி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், அரை நாளாகச் சிறுநீர் போகாமை, குறைந்த ஜுரம் மறுபடி ஏறி இருமல் கூடுதல்.

இவை இல்லாவிட்டாலும் மூன்றாம் நாளும் ஜுரம் இருந்தால் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். ஆஸ்துமா மாதிரி உபாதை உள்ளவர்கள் முதல் நாளே போக வேண்டும். ஃப்ளூவுக்கான விசேஷ மருந்து ஆரம்பித்து 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நல்ல பலன். அதை டாக்டர்தான் தீர்மானிப்பார்.

இன்னொன்று. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நிற்கவில்லையென்றால் அது சாதாரணச் சளி என்று விடாதீர்கள். அரசு ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனை இலவசம். காசநோய் நெருக்கமான இடங்களில் பரவக் கூடியது. சீக்கிரம் கண்டால் பூரணமாகக் குணமாகும்.

தீபாவளிக்கு வரட்டுமா, வேண்டாமா?

போன வருஷம் தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு என் பெண் போன் பண்ணினாள். "அம்மா, எனக்கு நேத்திலேருந்து ஜுரம். நான் வரலைம்மா. அத்தை பாப்பா இருக்கே." என் நாத்தனார் பிரசவத்துக்கு வந்து எங்கள் வீட்டில்தான் இருந்தாள், குழந்தைக்கு நாற்பது நாள். மாமியாருக்கோ மனசு கேட்கவில்லை. "நல்ல நாளும் அதுவுமா வயசுப் பொண்ணை ஜுரத்தோட ஹாஸ்டல்ல விடறதா? இங்கே வந்தா ஒரு ரசம் சாதமாவது சாப்பிடுவாளே" என்றார். இரண்டுமே நியாயம். எனக்கு அன்று ராத்திரி தூக்கமே இல்லை.

கடைசியில் டாக்டரம்மாவைக் கேட்டோம். "பெரியவங்களுக்குச் சளியா இருக்கறது கைக்குழந்தைக்கு மூச்சுத் திணறலா மாறலாம். பொண்ணு சொன்னதுதான் சரி" என்றார். நான் மிளகு ரசம், பருப்புத் துவையல், லேகியம், புதுத் துணி எல்லாம் எடுத்துக்கொண்டு போய் அவளோடு ஒரு நாள் இருந்துவிட்டு வந்தேன். நானும் மாஸ்க் போட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் குளித்து உடை மாற்றி, நாலு நாள் குழந்தை பக்கம் நெருங்காமல் இருந்தேன். பத்து நாள் கழித்து, ஜுரமும் இருமலும் விட்ட பிறகு, என் பெண் வந்து பாப்பாவை மடியில் வாங்கிக்கொண்டாள். "இதுதான் எனக்குத் தீபாவளி" என்றார் என் மாமியார்.

மாத்திரை போடாமலே 24 மணி நேரம் ஜுரம் இல்லாமல் இருந்தால்தான் மற்றவர்களோடு கலக்கலாம் என்பது பொதுவான விதி. வீட்டில் கைக்குழந்தையோ, கர்ப்பிணியோ, முதியவரோ இருந்தால் இருமலும் அடங்கும்வரை பொறுப்பது நல்லது. வந்தே ஆக வேண்டுமென்றால் தனி அறை, தனித் தட்டு, மாஸ்க். குழந்தையைத் தூக்குவதும் முத்தமிடுவதும் அப்புறம்.

கல்லூரியிடம் என்ன கேட்கலாம்?

பிள்ளைக்கு மட்டும் புத்தி சொல்லிப் பயனில்லை. முதல் வருஷம் அந்தச் சம்பவம் நடந்த பிறகு, நாங்கள் ஏழெட்டுத் தாய்மார்கள் சேர்ந்து பெற்றோர் கூட்டத்தில் ஒரு கடிதம் கொடுத்தோம். சண்டை போடவில்லை, நாலு விஷயம்தான் கேட்டோம். கை கழுவும் இடத்தில் எப்போதும் சோப்பும் தண்ணீரும். ஜுரம் வந்தவர்கள் தனியாகப் படுக்கக் காற்றோட்டமுள்ள ஒரு அறை. அவர்களுக்கு மெஸ்ஸிலிருந்து கஞ்சி, ரசம் சாதம் அறைக்கே அனுப்ப ஏற்பாடு. டாக்டர் சீட்டு கொடுத்தால் அந்த நாட்களுக்கு வருகைப் பதிவில் சலுகை.

சோப்பு அடுத்த வாரமே வந்தது. கீழ்த் தளத்தில் சாமான் போட்டு வைத்திருந்த அறையைக் காலி செய்து இரண்டு கட்டில் போட்டார்கள். கஞ்சியும் வருகிறது. வருகைப் பதிவு விஷயத்தில் மட்டும் இன்னும் முழுசாக இறங்கி வரவில்லை. அதுதான் முக்கியம் என்று நான் நினைக்கிறேன். ஜுரத்தோடு வகுப்புக்கு வந்தால்தான் பரீட்சை என்றால், பிள்ளைகள் ஜுரத்தை மறைக்கத்தானே செய்வார்கள்? ஒருத்தி மறைத்தால் அறுபது பேருக்குப் பரவும். இந்த வருஷக் கூட்டத்திலும் கேட்கப் போகிறோம். உங்கள் பிள்ளை படிக்கும் இடத்திலும் நீங்கள் கேளுங்கள். ஒருத்தி கேட்டால் குறை. பத்துப் பேர் கேட்டால் கோரிக்கை!

கடைசியாக ஒன்று. ராத்திரி போனில் "சாப்பிட்டியா?" என்று நாம் எல்லோரும் கேட்கிறோம். மழைக்காலம் முடியும்வரை கூடவே இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: "உன் ரூம்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா?" பதிலை ஊன்றிக் கேளுங்கள். நம் பெண்ணின் பக்கத்துக் கட்டிலில் இருமிக்கொண்டிருப்பவளும் ஒரு தாய் தூரத்திலிருந்து கவலைப்படும் குழந்தைதானே!